கணுக்கால் தாங்கியின் விறைப்பை நிருணயிப்பவர் யார்?

நோய்க்கு மருந்தெழுதும் மருத்துவர் மருந்தின் பெயரோடு நில்லாமல் அதன் அளவையும் எழுதுகிறார். கண் பரிசோதனைச் சீட்டில் மூக்குக் கண்ணாடியின் திறன் எண்ணால் குறிக்கப்படுகிறது. ‘மூக்குக் கண்ணாடி ஒன்று’ என்று மட்டும் எழுதிய சீட்டை எக்கடைக்காரரும் ஏற்கமாட்டார். ஆயினும், கால் வலுவிழந்த ஒருவருக்குக் கணுக்கால்-பாதத் தாங்கி வழங்கப்படும்பொழுது, ‘தாங்கி ஒன்று, இடக்கால், நடுத்தர அளவு’ என்ற குறிப்போடு சீட்டு முடிந்துவிடுவதுண்டு. அத்தாங்கி எவ்வளவு வளைய வேண்டும், எவ்வளவு வளையாமல் நிற்க வேண்டும் என்பது அதில் இடம்பெறுவதில்லை. தாங்கியின் பயனோ அந்த ஒரு வினாவின் விடையையே பெரிதும் பொறுத்திருக்கிறது. எழுதப்படாத அவ்விடையைப் பட்டறையில் வெட்டுக் கருவியைப் பிடித்திருப்பவரின் கையோ, அன்று கையிருப்பில் இருந்த தகட்டின் தடிப்போ நிருணயித்துவிடுகிறது. இம்முறை மாறவேண்டும் என்பதே ஈண்டு வற்புறுத்தப்படும் கருத்து.

தாங்கியும் அதனை அணிவோரும்

கெண்டைக்காலின் பின்புறத்தைத் தழுவி இறங்கி, குதிகாலைச் சுற்றி, உள்ளங்காலின் அடியில் முடியும் ஒற்றை வார்ப்பான பிளாஸ்டிக் உறையே இன்று பெரிதும் வழங்கும் கணுக்கால்-பாதத் தாங்கியாகும். பட்டறைகளில் இதனை ஏ.எஃப்.ஓ. என்பர், ஊர்மக்கள் இரும்புத் தாங்கியைக் கூறுவது போலவே இதனையும் காலிபர் என்று கூறிவிடுவதுண்டு. காலின் அச்சைப் பாரிஸ் சாந்தில் எடுத்து, அதன்மேல் சூட்டில் இளகிய பாலிபுரோப்பிலீன் தகட்டைப் போர்த்தி, காற்றை உறிஞ்சிப் படியவைத்து, ஆறிய பின் வேண்டாத பகுதியை வெட்டி நீக்கி இதனைச் செய்கின்றனர்.

இதனை அணிய வேண்டியோர் பலதிறத்தினர். இயற்கைப் போலியோக் கிருமியால் இந்நாட்டில் கடைசியாக நோயுற்ற குழந்தை 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தின் ஹவுரா மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. 2014 மார்ச்சில் இந்தியாவை உள்ளிட்ட தென்கிழக்காசிய வட்டாரம் போலியோ நீங்கியதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆயினும், அதற்கு முன் நோயுற்றவர்கள் சூம்பிய காலோடு இன்றும் உழைத்து வாழ்கின்றனர். மூளை முடக்குவாதமுற்ற குழந்தைகள், பக்கவாதத்திலிருந்து மீண்ட முதியோர், தொழுநோயால் முழங்காலருகே உள்ள நரம்பு பழுதுற்றுப் பாதம் தொங்குவோர் ஆகியோருக்கும் இத்தாங்கி தேவைப்படுகிறது. 1972இல் நிறுவப்பெற்ற கான்பூர் செயற்கை உறுப்பு உற்பத்திக் கழகமும், 1981இல் தொடங்கிய மைய அரசின் உதவிக் கருவித் திட்டமும் இத்தகைய கருவிகளை நாட்டின் மூலைமுடுக்குகளுக்குக் கொண்டு சென்றிருக்கின்றன. தாங்கி கிடைக்கச் செய்யும் வேலையில் நாடு நெடுந்தூரம் வந்துள்ளது. கிடைத்த தாங்கி காலுக்கு ஏற்றதாக அமையச் செய்யும் வேலையே எஞ்சி நிற்கிறது.

நடையில் கணுக்காலின் வேலை

நடக்கும்பொழுது ஒவ்வோர் அடியிலும் கணுக்கால் மூன்று வேலைகளைச் செய்கிறது. குதிகால் தரையைத் தொட்டவுடன் முன்பாதம் பொத்தென்று விழாமல் மெல்ல இறங்க வேண்டும். இதனைக் கீழ்க்காலின் முன்புறத் தசைகள் கவனிக்கின்றன. அடுத்து, பாதம் தரையில் படிந்திருக்க உடல் அதன்மேல் முன்னேறுகையில், கீழ்க்கால் அளவு மீறி முன்சாயாதபடி கெண்டைத் தசைகள் பிடித்து நிறுத்துகின்றன. முடிவில் அவையே தரையை உந்துகின்றன. மூன்றாவதாக, கால் காற்றில் வீசப்படும்பொழுது விரல் நுனி இடறாதபடி பாதம் தூக்கிப் பிடிக்கப்படவேண்டும்.

இம்மூன்றுக்கும் வேண்டிய ஆற்றல் ஒரே அளவினதன்று. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் பாதம் 1 கிலோகிராமுக்கும் குறைந்தது. அது தொங்கிவிடாமல் பிடித்துக்கொள்ள 1 நியூட்டன்-மீட்டர் அளவுள்ள திருப்புதிறனே போதும். அவரே தரையை உந்தும் வேளையில் கணுக்காலில் எழும் திருப்புதிறனோ 80 முதல் 90 நியூட்டன்-மீட்டரை எட்டும். ஆகவே, பாதம் தொங்குவது ஒன்றே குறையாக உள்ளவருக்கு வேண்டிய தாங்கி வேறு. கெண்டைத் தசை செயலிழந்தவருக்கு வேண்டியது வேறு. முன்னவருக்கு மெல்லிய வில் போதும். பின்னவருக்கு உடலின் பாரத்தையே எதிர்த்து நிற்கும் தூண் போன்றது தேவை. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒரே வெள்ளைப் பிளாஸ்டிக் உறையாக இருப்பதே குழப்பத்துக்கு மூலம்.

விறைப்பு எங்கிருந்து வருகிறது?

விறைப்பையும் வலிமையையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. ஒரு பொருள் முறியும்வரை தாங்கும் பாரம் அதன் வலிமை. அது 1 பாகை வளைவதற்கு எவ்வளவு திருப்புதிறன் வேண்டும் என்பதே அதன் விறைப்பு. பழைய இரும்புத் தாங்கியில் இருபுறமும் சட்டங்களும், கணுக்காலருகே கீலும், கீழே தோற்காலணியும் இருந்தன. கீலில் தடை வைப்பதும் சுருள்வில் வைப்பதும் செய்பவர் தெரிந்தே செய்த வேலைகள். எவ்வளவு வளையும் என்பதைக் கண்ணால் காணலாயிற்று. பிளாஸ்டிக் வார்ப்பிலோ தாங்குவதும் பிடிப்பதும் வளைவதும் ஒரே உடலுக்குள் மறைந்து கிடக்கின்றன. அதனால்தான் விறைப்பைப் பற்றி ஒருவரும் தனியே முடிவு செய்யாமலேயே ஒரு தாங்கி உருவாகிவிடக் கூடும்.

தடித்த தகட்டில் செய்தால் விறைப்பு மிகும் என்பது பொதுவான எண்ணம். அது பாதி உண்மையே. முழு மூங்கிலை இரண்டாகப் பிளந்தால் கிடைக்கும் பாதி, கூரையின் பாரத்தைத் தாங்கி நிற்கும். அதே மூங்கிலிலிருந்து எடுத்த விரலகலப் பத்தையோ வில்லாக வளையும். பொருளும் ஒன்றே, சுவரின் தடிப்பும் ஒன்றே. குறுக்குவெட்டின் வடிவம் மட்டுமே வேறு. தாங்கியிலும் இதுவே நிகழ்கிறது. கணுக்காலின் இருபுறமும் புடைத்துள்ள எலும்பு முண்டுகளைத் தாண்டி முன்புறம் வரை உறையை விட்டுவைத்தால், அது பிளந்த மூங்கிலைப் போல ஆழ்ந்த வாய்க்கால் வடிவம் பெறும். முண்டுகளுக்குப் பின்னே வெட்டிவிட்டால், குதிகால் நரம்பின்மேல் குறுகிய பத்தை ஒன்றே எஞ்சும். இவ்விரண்டுக்கும் இடையில் வெட்டுக்கோடு எங்குச் செல்கிறது என்பதே விறைப்பைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

கணக்கிட்டுப் பார்த்தால் இதன் அளவு விளங்கும். ஒரே ஆரமும் ஒரே தடிப்பும் கொண்ட மெல்லிய வளைதகடு, அரைவட்டமாக, அதாவது 180 பாகை சூழ்ந்திருக்கையில் அதன் வளைவிறைப்பு 100 எனக் கொள்ளலாம். அதனை 120 பாகை மட்டும் சூழுமாறு வெட்டினால் விறைப்பு 16 ஆகிவிடும். 90 பாகையாக வெட்டினால் 4 மட்டுமே எஞ்சும். மெய்யான தாங்கியின் வடிவம் இத்துணை ஒழுங்கானதன்று, எண்கள் மாறும். ஆனால் போக்கு மாறாது. இருபுறமும் சில மில்லிமீட்டர் மிகுதியாகச் செதுக்குவது, தாங்கியின் தன்மையையே மாற்றிவிடக்கூடும்.

தடிப்பின் பங்கும் வடிவத்தைப் பொறுத்ததே. தட்டையான பத்தையில் விறைப்பு தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப உயரும். 3 மில்லிமீட்டருக்குப் பதில் 4 மில்லிமீட்டர் தகட்டைக் கொண்டால் அது 2¼ மடங்குக்கும் மேலாகும். ஆழ்ந்த வாய்க்கால் வடிவத்திலோ அதே மாற்றத்தால் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே கூடும். அன்றியும், சூடான தகட்டை அச்சின்மேல் இழுத்துப் போர்த்துகையில் குதிகால் போன்ற வளைவுகளில் அது நீண்டு மெலிந்துவிடுகிறது. 4 மில்லிமீட்டர் தகட்டில் செய்த தாங்கி கணுக்காலருகிலும் 4 மில்லிமீட்டர் இருக்கும் என்று நம்புவதற்கில்லை. தடிப்பை முடிந்த தாங்கியில் அளந்தறிவதே முறை.

மூன்றாவது காரணம் காலின் பருமன். சூழும் கோணமும் தடிப்பும் மாறாதிருக்க, விறைப்பு ஆரத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வளர்ந்தவரின் உறையில் ஆரம் 35 மில்லிமீட்டரும் குழந்தையின் உறையில் 25 மில்லிமீட்டரும் எனக் கொண்டால், குழந்தையின் தாங்கி மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட விறைப்புடையதாகும். ஆனால் எடையும் பாதத்தின் நீளமும் ஆகிய இரண்டுமே சிறியவை ஆதலின், சிறு குழந்தையின் கணுக்காலில் எழும் திருப்புதிறன் அதனினும் குறைந்துவிடும். எனவே, பெரியவருக்கு உகந்த தகட்டையும் வெட்டுக்கோட்டையும் அப்படியே குழந்தைக்கும் கொண்டால், தாங்கி சிறியதாகத் தோன்றினும் அக்குழந்தையை நோக்க மிகை விறைப்புடையதாகிவிடும்.

பொருளின் வகையும் கருதத்தக்கது. தூய பாலிபுரோப்பிலீன் விறைப்பானது. அதன் கலப்பு வகை சற்றே நெகிழ்வது, ஆனால் எளிதில் விரிசல் விடாதது. பாலிஎத்திலீன் இன்னும் மென்மையானது. கணுக்காலருகே மடிப்பு வரைகளை வார்த்தும், கரியிழைப் பட்டைகளைப் பதித்தும் விறைப்பைக் கூட்டுவதுண்டு. பாதத்தகடு விரல்நுனி வரை நீண்டிருப்பதும் விரலடியோடு நின்றுவிடுவதும் ஒன்றல்ல. நீண்ட விறைப்பான தகடு விரல்கள் மடிவதைத் தடுத்து, தரையின் எதிர்விசைக்கு நெடிய நெம்புகோலாகிறது.

ஒருவருக்கு உதவி, மற்றவருக்கு இடையூறு

தேவைக்கு மேற்பட்ட விறைப்பால் என்ன கேடு என வினவலாம். பாதம் தொங்குவது மட்டுமே குறையாக உள்ளவருக்கு வளையாத தாங்கியை அணிவித்தால், குதிகால் தரையைத் தொட்டவுடன் முன்பாதம் மெல்ல இறங்க வழியில்லாது போகும். தாங்கி முழுவதும் ஒரே கட்டையாக முன்னுருள, கீழ்க்கால் வேகமாக முன்தள்ளப்பட்டு முழங்கால் மடியும். தொடைத்தசை வலுவாக உள்ளவர் சமாளிப்பார். அதுவும் வலுவிழந்தவர் தடுமாறுவார். நலமாக இருந்த கெண்டைத் தசையும் உந்தும் வேலையை இழக்கும். மேட்டில் ஏறுவதும், படியில் இறங்குவதும், தரையில் அமர்ந்து எழுவதும் கடினமாகும். குந்தி அமர்தலும் சம்மணமிடுதலும் அன்றாட வாழ்க்கையாக உள்ள நாட்டில் இது சிறு குறையன்று.

விறைப்புக் குறைவதன் கேடு வேறு. கெண்டைத் தசை செயலிழந்தவர் மெல்லிய தாங்கியோடு நின்றால், உடலின் பாரத்தில் கீழ்க்கால் முன்சாய்ந்து முழங்கால் மடிந்தே இருக்கும். மடிந்த முழங்காலைத் தாங்கத் தொடைத்தசை ஓயாது உழைக்க வேண்டும். போலியோவால் தொடையும் மெலிந்தவர் தம் கையைத் தொடைமேல் ஊன்றி நடப்பதைக் களப்பணியாளர் பலரும் கண்டிருப்பர். இத்தகையோரில், முழங்கால் நேராக நீளக்கூடியவருக்கு, கீழ்க்காலின் முன்புறத்தைத் தாங்கி, தரையின் எதிர்விசையால் முழங்காலைப் பின்னுக்குத் தள்ளும் விறைப்பான அமைப்புப் பயன்படும். அதில் கணுக்காலருகே உறை நெகிழ்ந்துவிட்டால் அந்த அமைப்பின் நோக்கமே கெட்டுவிடும்.

தொழுநோயால் உள்ளங்காலில் உணர்ச்சி இழந்தோரிடம் மேலும் ஒரு கவலை உண்டு. உடல் முன்சாயும்பொழுது உறையின் பக்க விளிம்புகள் அமுக்கமுற்று வெளிப்பக்கம் பிதுங்குகின்றன, பின் மீள்கின்றன. உணர்ச்சியுள்ளவர் உரசலை உணர்ந்து தாங்கியைக் கழற்றிவிடுவார். உணர்ச்சியற்றவரின் காலில் அது புண்ணாகும் வரை தெரியாது.

இவ்விரு கேடுகளுக்கும் இடையே ஒவ்வொருவருக்கும் உரிய நடு அளவு ஒன்றுண்டு. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகர ஆய்வாளர் 2009இல் தாங்கியின் விறைப்பை அளக்கும் கருவியொன்றை விவரித்து வெளியிட்டனர். 2019இல் வெளிவந்த ஆய்வொன்றில், கெண்டைத் தசை வலுவிழந்தோர் ஒவ்வொருவருக்கும் 5 வெவ்வேறு விறைப்புகளை அந்நகரத்தார் அணிவித்துப் பார்த்தனர். எல்லோருக்கும் ஒரே விறைப்புச் சிறந்ததாக அமையவில்லை என்பதே அதன் முடிபு. ஒரே நோய்ப்பெயரைக் கொண்டவர்களுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு இருக்குமானால், ஒரே முகாமில் போலியோவுக்கும் பக்கவாதத்துக்கும் மூளை முடக்குவாதத்துக்கும் ஒரே வகைத் தாங்கியை வழங்குவது எவ்வாறு பொருந்தும்?

எழக்கூடிய மறுப்புகள்

நூற்றுக்கணக்கானோர் கூடும் முகாமில் இத்தனை நுணுக்கம் இயலாது என்பது முதல் மறுப்பு. ஆயத்தத் தாங்கிகள் அறவே வேண்டா என்பது இங்குக் கருத்தன்று. தசை இறுக்கமின்றிப் பாதம் தொங்குவது மட்டுமே குறையாக உள்ளவருக்கு ஆயத்தமாக வந்த மெல்லிய தாங்கி நன்கு பயன்படலாம். தசை இறுக்கம் உடையோர், கெண்டைத் தசை வலுவிழந்தோர், உணர்ச்சி இழந்தோர், வளரும் குழந்தைகள் ஆகியோரைத் தனியே பிரித்தெடுத்தால், நுணுக்கம் வேண்டியோர் தொகை கைக்கு அடங்கியதாகிவிடும்.

அளக்கும் கருவிகள் விலையுயர்ந்தவை என்பது இரண்டாம் மறுப்பு. ஆராய்ச்சிக்கு வேண்டிய துல்லியம் பட்டறைக்கு வேண்டுவதில்லை. கணுக்காலில் கீல் பொருத்திய மரக்கால் ஒன்று, மேசைப் பிடிப்பான் ஒன்று, சுருள்வில் தராசு, கோணமானி ஆகியவை போதும். தாங்கியை மரக்காலில் மாட்டி, பாதத்தை மேசையோடு இறுக்கி, கீலுக்கு மேலே 30 சென்டிமீட்டர் உயரத்தில் தராசைக் கோத்துக் கீழ்க்காலுக்குச் செங்குத்தாக முன்னோக்கி இழுக்க வேண்டும். தராசு 5 கிலோகிராம் காட்டுகையில் திருப்புதிறன் ஏறத்தாழ 15 நியூட்டன்-மீட்டர். அப்போது கோணமானியில் 10 பாகை சாய்வு தெரிந்தால் விறைப்பு பாகைக்கு 1.5 நியூட்டன்-மீட்டர். இவ்வெண்ணைத் தாங்கியின் உட்புறத்தில் எழுதிவைக்கச் சில நிமிடங்களே ஆகும். அத்தாங்கி உடைந்து புதியது செய்ய நேரும்பொழுது, முன்னது எவ்வாறு இருந்தது என்பதை அவ்வெண் சொல்லும்.

கீலுள்ள பிளாஸ்டிக் தாங்கியால் இச்சிக்கல் தீரும் என்போரும் உளர். கீல் சிலருக்கு நன்று. ஆனால் வெறுங்கீல் கீழ்க்காலின் முன்சாய்வைத் தடுக்காது. கெண்டைத் தசை வலுவிழந்தவருக்கு அது உதவாது. விறைப்பு பற்றிய வினாவிலிருந்து எந்த அமைப்பும் விடுதலை தருவதில்லை.

செய்யத்தக்கவை

தாங்கிக்குரிய சீட்டில் நான்கு செய்திகள் தவறாது இடம்பெற வேண்டும். தாங்கி செய்யவேண்டிய வேலை, அதாவது பாதத்தைத் தூக்குவதா, கீழ்க்காலின் சாய்வைத் தடுப்பதா, இரண்டுமா என்பது முதலாவது. தகட்டின் வகையும் தடிப்பும் இரண்டாவது. வெட்டுக்கோடு எலும்பு முண்டுகளுக்கு முன்னா, நடுவிலா, பின்னா, எத்தனை மில்லிமீட்டர் என்பது மூன்றாவது. முடிந்த தாங்கியில் அளந்த விறைப்பு நான்காவது. இவற்றோடு, அணிபவர் வீட்டில் வெறுங்காலோடும் வெளியில் காலணியோடும் நடப்பவரா என்பதும் குறிக்கப்பட வேண்டும். குதியுயரம் மாறினால் வளையாத தாங்கியில் கீழ்க்காலின் சாய்வும் உடன் மாறிவிடும்.

பட்டறையினர் கடைப்பிடிக்கத்தக்க விதி ஒன்றுண்டு. வெட்டி நீக்கிய பிளாஸ்டிக்கைத் திரும்ப ஒட்டுவதற்கில்லை. ஆகவே முதலில் உறையைச் சற்று முன்னதாகவே விட்டுவைத்து, அணிவித்து, நடக்கவைத்து, தேவையெனில் சிறிது சிறிதாகச் செதுக்க வேண்டும். செதுக்குவது இருபுறமும் ஒப்ப இருத்தல் வேண்டும். விளிம்பில் கூர்மூலை விடாமல் வழவழப்பாக்க வேண்டும். விரிசல் கூர்மூலையிலிருந்தே தொடங்குகிறது.

இனி, தாங்கி வழங்கிய பின் அதனை நாள்தோறும் காண்பவர் மருத்துவரோ தொழில்நுட்பரோ அல்லர். ஆசிரியரும் கிராமக் களப்பணியாளருமே. தாங்கி அணிந்த பிள்ளை குதிகால் பட்டவுடன் முழங்காலை வெடுக்கென மடிக்கிறதா? நிற்கையில் முழங்கால் மடிந்தே இருக்கிறதா, அன்றிப் பின்புறமாக வளைகிறதா? தாங்கியைக் கழற்றியபின் 20 நிமிடங்கள் கடந்தும் தோலில் சிவப்பு மாறாதிருக்கிறதா? கணுக்காலருகே வெண்ணிறக் கோடோ விரிசலோ தோன்றியுள்ளதா? முன்பு அணிந்த பிள்ளை இப்போது அதனைப் பையிலேயே வைத்திருக்கிறதா? இவை ஐந்தும் பயிற்சியின்றியே காணத்தக்கவை. ஐந்தும் எழுதி அனுப்பத்தக்கவை. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் தாங்கியை விட்டுவைத்தால் வெப்பத்தில் இளகி உருமாறக் கூடும் என்பதையும் வீட்டாருக்குச் சொல்லி வைத்தல் நலம்.

தாங்கியைப் பிள்ளை அணியாதபோது அதன் பிடிவாதத்தையோ பெற்றோரின் அசட்டையையோ குறைகூறுவது எளிது. நடையைத் தடுக்கும் கருவியை ஒரு பிள்ளை கழற்றி வைப்பது பல வேளைகளில் அறிவுடைய செயலே. அச்செயலைப் புகாராகக் கொள்ளாமல், விறைப்பைப் பற்றிய செய்தியாகக் கொண்டு பட்டறைக்குத் தெரிவிக்க வேண்டும். வழங்கிய தாங்கிகளின் தொகையைக் கணக்கிடும் பதிவேட்டில், ஆறு மாதங்களுக்குப் பின்னும் அணியப்படும் தாங்கிகளின் தொகைக்கும் ஒரு பத்தி ஒதுக்கினால், பொதுப் பணம் காலுக்குப் பயன்பட்டதா, கூரைப் பரணுக்குப் போயிற்றா என்பது விளங்கிவிடும். சீட்டில் நான்கு வரிகளையும் பதிவேட்டில் ஒரு பத்தியையும் சேர்ப்பதற்குப் புதிய தொழிற்சாலை எதுவும் வேண்டியதில்லை. விறைப்பும் மருந்தளவைப் போன்றதே என்ற உணர்வு ஒன்றே வேண்டும்.